பதினொரு கையெழுத்து குறைந்த சுதந்திர தினம்

1

2025 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.05க்கு அடுப்பைப் பற்ற வைத்து எலுமிச்சைச் சாதம் கிளறினேன், மகளுக்கும் எனக்கும் சேர்த்து. 5.40க்குக் குளியல். 6.00க்கு மகளை எழுப்பி, தேய்த்து வைத்த பள்ளிச் சீருடையைக் கட்டில் ஓரத்தில் போட்டேன். அவள் பள்ளியில் எட்டு மணிக்குக் கொடியேற்றம். 6.20க்குத் தெருமுனையில் நான்காம் வழித்தடக் கம்பெனிப் பேருந்தில் ஏறினேன். 6.52க்கு ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை வாசல்.

கார்களுக்கு ஒயரிங் கட்டுகள் செய்யும் தொழிற்சாலை. பெண்களே அதிகம். எந்த நாளில், எந்த ஷிப்டில், எந்த லைனில் யார் நிற்க வேண்டும் என்று பட்டியல் போடுவது என் வேலை. மலேசியாவில் உள்ள ஷா ஆலம் கிளையிலிருந்து என்னை ஆறு மாதத்துக்கு என்று அனுப்பி வைத்தார்கள். பதினோரு ஆண்டு ஆகிறது. கணவர் போன பிறகு திரும்பிப் போக ஒரு காரணமும் மிச்சமில்லை. நானும் மகள் தர்ஷினியும் இங்கேயே இருந்துவிட்டோம்.

கிள்ளானில் இதைப் படிக்கிறவர்களுக்கு இங்குள்ள விடுமுறைக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் தொழிற்சாலைகளுக்குக் கட்டாய விடுமுறை. அதன்மேல் பொங்கல், தீபாவளி போல ஐந்து பண்டிகை நாட்களைத் தொழிலாளர்களோடு பேசி முடிவு செய்து ஆண்டுத் தொடக்கத்தில் பலகையில் ஒட்ட வேண்டும். நம் ஊரில் கிடைப்பதுபோல, ஞாயிற்றுக்கிழமை வந்த விடுமுறைக்குத் திங்கட்கிழமை ஈடு இங்கே கிடையாது. 2016இல் மே தினம் ஞாயிறன்று வந்தது. நான் பழக்க தோஷத்தில் திங்கட்கிழமையையும் விடுமுறை என்று பட்டியலில் போட்டு ஒட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் யாரோ கவனித்தார்கள். தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்துவிட்ட பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பட்டியலிலும் நான் தவறு செய்ததில்லை. இந்த ஆகஸ்ட் பட்டியலிலும் தவறு எதுவும் இல்லை. அதுதான் சங்கடம்.

7.15க்குக் கொடியேற்றம். ஆளுக்கு ஒரு லட்டு, ஒரு மிக்சர் பொட்டலம், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு காகிதக் கொடி. ஆனால் ஒயரிங் லைனுக்குள் குண்டூசி போகக் கூடாது, எங்காவது விழுந்து ஒயரைக் கிழித்துவிடும் என்பதால். ஆகையால் கொடி குத்திய பத்தாவது நிமிடம் லைன் வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் எல்லோரும் அதைக் கழற்றிப் போட்டார்கள். எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. வருகைப் பட்டியலோடு ஒத்துப்போனது.

விடுமுறை நாளில் வேலைக்கு வந்த அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் முப்பத்து நான்கு பேர் ஒரே ஊராட்சியைச் சேர்ந்தவர்கள். நான் குடியிருக்கிற ஊராட்சி. அன்று காலை பதினொரு மணிக்கு அவர்கள் வேறோர் இடத்தில் இருந்திருக்க வேண்டும். அவர்களை அங்கே போகவிடாமல் செய்தது என் பட்டியல். அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

நம் ஊரில் தேசிய தினம் என்றால் காரில் கொடி கட்டுவோம், தொலைக்காட்சியில் அணிவகுப்பு பார்ப்போம், பேரங்காடிக்குப் போவோம். இங்கே நகரத்தில் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் கிராமங்களில் இந்த நான்கு நாட்களுக்கும் இன்னொரு வேலை உண்டு. கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் எவரும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம், தீர்மானம் போடச் சொல்லலாம். ஒன்றிய அலுவலகத்திலிருந்து பற்றாளர் என்று ஓர் அதிகாரி வந்து மேற்பார்வை பார்ப்பார். தீர்மானம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தது இத்தனை பேர் என்று, ‘கோரம்’ எனும் வரையறை இருக்கிறது. எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகைக்கு நூறு பேர். பதிவேட்டில் நூறு கையெழுத்து.

எங்கள் வீட்டுக்காரர் கஸ்தூரி அக்கா அந்த ஊராட்சியின் வார்டு உறுப்பினர். அவர் கீழே, நாங்கள் மாடியில். வயலை விற்ற பணத்தில் கட்டிய வீடு. என்னைவிட மூன்று வயது மூத்தவர். வெளிநாட்டவருக்கு வீடு கொடுத்தால் வீட்டுக்காரர் போலீசுக்குப் படிவம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை நான் கணினியில் நிரப்பி எடுத்துக்கொண்டு கீழே போவேன். அவர் கண்ணாடியைத் தேடாமலே கையெழுத்துப் போடுவார்.

“இன்னா மலேசியா, இதுல இன்னா எழுதிக்கீது? வூட்ட உன் பேருக்கு மாத்திக்கினியா?”

“படிச்சுப் பார்த்துப் போடுங்க அக்கா.”

“நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும். உன் கணக்குல நான் தப்பு கண்டுபுடிச்சா, ஊரு சிரிக்கும்.”

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரிக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் மாட்டுவண்டி இறங்கி ஏறும் அகலம் இருந்ததாம். இப்போது அது எங்கள் தொழிற்சாலையின் பின்சுவருக்கு அடியில் இரண்டு சிமெண்டுக் குழாய்களாகச் சுருங்கி மறுபக்கம் வருகிறது. பெருமழையில் குழாய்கள் கொள்ளாத தண்ணீர் தெருவுக்குத் திரும்பும். சென்ற டிசம்பரில் கஸ்தூரி அக்காவின் கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற தடத்தை அளவுநாடா வைத்து அளந்து என் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: தரையிலிருந்து 41 சென்டிமீட்டர். நான்கு நாள் அவர் எங்களோடு மாடியில் தங்கினார். தர்ஷினியின் கட்டிலில் படுத்தார். குளிர்சாதனப் பெட்டியை மூன்று வரிசை செங்கல்மேல் தூக்கி வைத்தும் அது போய்விட்டது. எதிர் வீட்டில் ஒரு முதியவர் தண்ணீருக்குள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இன்றுவரை எழுந்து நடக்கவில்லை.

குழாய்களை எடுத்துவிட்டு அங்கே சிறுபாலம் கட்டி வாய்க்காலைத் திறக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு ஆட்சியரிடம் கொடுப்பது கஸ்தூரி அக்காவின் திட்டம். மே மாதம் முழுக்க நிலவரைபடத்துக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தார். ஆகஸ்ட் 15ஐ விட்டால் அடுத்த சபை அக்டோபர் 2. அதற்குப் பின் இரண்டு வாரத்தில் மழை வந்துவிடும். ஆகஸ்டில் தீர்மானம் போட்டால்தான் இந்த ஆண்டு வேலை நடக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். வரைபடத்தை நகலெடுத்துக் கொடுத்ததே நான்தான்.

3

ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை. எச்.ஆர். மேலாளர் சேகர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். தாம்பரத்திலிருந்து வருகிறவர், என்னைவிட இளையவர், ஒருநாளும் குரலை உயர்த்தாதவர்.

“மேடம், வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் சேர்ந்து லீவு வருது. சவுத் பொண்ணுங்க எல்லாம் வியாழக்கிழமை சாயந்தரமே பையத் தூக்கிட்டு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் ஆட்டோவுல ஏறிடுவாங்க. ஷிப்மெண்ட் நிக்குது. வெள்ளிக்கிழமை ஒரு ஷிப்ட் ஓட்டணும். லோக்கல் ஆளுங்களப் போடுங்க.”

“விருப்பம் கேட்டுப் போடட்டுமா சார்?”

“டபுள் வேஜஸ். யார் வேணாம்னு சொல்லப் போறாங்க? ரூட் ஃபோர ஃபுல்லா போட்டுடுங்க. பாக்கிய மத்த ரூட்ல எடுத்துக்கலாம்.”

உள்ளூர்ப் பெண்கள் ஆறு வழித்தடங்களில் வருகிறார்கள். நான்கை மட்டும் ஏன் முழுதாக என்று கேட்டேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னிக்கி அவங்களுக்கு ஊர்ல ஏதோ மீட்டிங்காம். நம்ம செவுத்தப் பத்தித்தான். இங்க வேலை இருந்தா இங்க இருப்பாங்க, அவ்ளோதான். சட்டப்படி நோட்டீஸ் போட்டுடுங்க.” பிறகு அதே குரலில், “உங்க விசா ரின்யூவல் லெட்டர் என் டேபிள்லதான் இருக்கு. வியாழக்கிழமை சைன் பண்ணி அனுப்பிடறேன்” என்றார்.

அவர் மிரட்டினார் என்று எழுத மாட்டேன். இரண்டு வாக்கியங்களை அடுத்தடுத்துச் சொன்னார். சேர்த்துப் படித்துக்கொண்டது நான். என் வேலை விசா அக்டோபரில் முடிகிறது. கம்பெனிக் கடிதம் இல்லாமல் அது நீளாது. என் விசாவில் தொங்குவது தர்ஷினியின் விசா. அவளுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. வம்சாவளிக் குடியுரிமை அட்டைக்கும் முயன்று பார்த்தாயிற்று. இந்த மண்ணிலிருந்து கப்பலேறிய என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருக்கிறது. மூன்றும் ஒருவர்தான் என்று சான்றளிக்க இரு நாட்டிலும் ஓர் அலுவலகம் இல்லை.

இருக்கைக்குத் திரும்பி, வழித்தட வாரியாகப் பெயர்களை வடிகட்டினேன். நான்காம் வழித்தடம் என்று தட்டச்சு செய்ததும் முப்பத்து நான்கு பெயர்கள் வந்து நின்றன. நகலெடுத்து ஒட்டினேன். நான்கு நிமிட வேலை. அறிவிப்பும் தொழிலாளர் துறை ஆய்வாளருக்கான படிவமும் முறைப்படி தயாராயின. அன்று மாலை நாட்குறிப்பில் எழுதியது ஒரே வரி: “தொடர் விடுமுறை காரணமாக ஆள் பற்றாக்குறை, 15ஆம் தேதிக்குப் பட்டியல் போட்டேன்.” நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நான் அதில் பொய் எழுதியதில்லை. அந்த வரியும் பொய்யில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கராக இருந்தார். அவருக்கும் பட்டியல் போடுகிற வேலைதான். துறைமுகத்துக்கு விடுமுறை கிடையாது. யாராவது வேலைக்கு வந்தாக வேண்டும். ஹரிராயா எனும் நோன்புப் பெருநாளன்று அப்பாவும் மற்ற தமிழர்களும் போவார்கள். சீனப் பெருநாளுக்கும் அவர்கள்தான். தீபாவளிக்கு மலாய்க்காரர்கள் நிற்பார்கள். எந்த அறிக்கையும் அதைச் சொல்லவில்லை. அவர்களே அப்படிப் பிரித்துக்கொண்டார்கள். ஹரிராயா காலையில் அப்பா மிதிவண்டியை எடுக்கும்போது அம்மா முணுமுணுப்பார்: “ஊரே கறியும் லெமாங் சோறும் தின்னுது, இவருக்கு மட்டும் வேலை.” அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: “நான் போனாத்தானே ரொஸ்லான் வீட்ல இருக்க முடியும்.” மறுநாள், அப்பாவோடு வேலை பார்த்த ரொஸ்லான் மாமா வீட்டிலிருந்து ரெண்டாங் கறி வந்துவிடும்.

அப்பாவும் விடுமுறை நாளில் ஆளைப் பிடித்து வைத்தார். முதலில் பிடித்து வைத்தது தன்னைத்தான். யாரை எங்கே போகவிட வேண்டும் என்று பார்த்துப் பட்டியல் போட்டார். அதே கையெழுத்தை, அதே கட்டம் போடும் பழக்கத்தை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்கிழமை மாலை. கஸ்தூரி அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து நாட்காட்டித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வந்தியா மலேசியா. இங்க குந்து. எல்லாத் தெருவும் சுத்திட்டேன். வயசானதுங்க, வூட்டுல கீறதுங்க எல்லாம் சேத்து தொண்ணூறு தேறும். உங்க கம்பெனிப் பொண்ணுங்க முப்பது பேரு வந்தா நூத்தி இருவது. அடிச்சுத் தூக்கிரலாம்.”

நான் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

“வெள்ளிக்கெயம உங்களுக்கு லீவுதானே?”

அறிவிப்பு மறுநாள் காலைதான் பலகைக்கு வரும். “கொடியேற்றம் இருக்கு அக்கா” என்றேன். அது உண்மை.

“அது எட்டு மணிக்குள்ள முடிஞ்சிரும். சபை பதினொண்ணுக்குத்தான்” என்று சொல்லி அவர் அடுத்த பெயரை எழுதினார்.

வியாழக்கிழமை அவருக்குச் செய்தி தெரிந்தது. அப்போதும் மாடிக்கு வந்து என்மேல்தான் பரிதாபப்பட்டார். “உன்னியும் வரச் சொல்லிட்டாங்களாமே. நீ இன்னா பண்ணுவ, பாவம்.” திரும்பவும் ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். அன்று பிற்பகல் 3.10க்கு என் விசாக் கடிதம் மின்னஞ்சலில் வந்திருந்தது.

5

மீண்டும் வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலை 10.40. மூன்றாம் லைனில் நிற்கும் சங்கீதா என் மேசைக்கு வந்தாள். எங்கள் தெருப் பெண். எதிர் வீட்டில் இடுப்பொடிந்து கிடப்பவரின் மருமகள். தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

“மேடம், ஒன் அவர் அவுட்பாஸ் குடுங்க. கையெழுத்து போட்டுட்டு ஓடி வந்துடறோம்.”

“எத்தனை பேர்?”

“பன்னெண்டு. ரெண்டு ஷேர் ஆட்டோ வெளிய நிக்குது. பேசி வச்சிட்டோம். இன்னிக்கி லஞ்ச் பிரேக் வேணாம், அந்த நேரத்த இதுல கழிச்சுக்குங்க.”

“பன்னெண்டு பேர் போனா லைன் நிக்கும் சங்கீதா.”

“ஒரு மணி நேரம் நின்னா நிக்கட்டுமே மேடம். போன மழைக்கு எங்க வூட்டுல நாலு நாள் அடுப்பு நின்னுச்சு.”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவுட்பாஸ் புத்தகம் என் இழுப்பறையில் இருந்தது. கையெழுத்திடும் அதிகாரமும் எனக்கு உண்டு. சேகர் அன்று வரவில்லை, கேட்கவும் ஆளில்லை. “கூட்டமாகக் கொடுக்க விதியில்லை” என்றேன். இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஒரே லைனிலிருந்து வெளியே போகக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியது நான்தான்.

“அப்ப ரெண்டு ரெண்டு பேரா வுடுங்க.”

“அப்படி விட்டா பன்னிரண்டு பேரும் போய் வர சாயந்தரம் ஆயிடும்.”

“நீங்களும் அந்தத் தெருவுலதான கீறீங்க” என்றாள். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு லைனுக்குப் போனாள். அந்த ஷிப்டில் உற்பத்தி இலக்கை நாங்கள் எட்டினோம்.

6

மாலை 4.45க்கு வீடு. தர்ஷினி சீருடையை மாற்றாமல் மேசையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளி முடிந்ததும் நேராகக் கிராம சபைக்குப் போயிருக்கிறாள். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாளாம், நாற்காலி போட்டாளாம். நான்கு வயதில் இங்கே வந்தவள். நம் தேசிய தினமான ஆகஸ்ட் 31 எதற்கு விடுமுறை என்று கேட்டால் யோசிக்கிறாள். “இன்னாமா”, “வூட்டுக்கு வந்துகினே கீறேன்” என்று பேசுகிறாள். நான் திருத்துவதை நிறுத்தி வெகுநாளாகிறது.

“எண்பத்தி ஒம்போதுமா” என்றாள். “பன்னெண்டரை வரைக்கும் பாத்தாங்க. அப்புறம் அந்த ஆபீசர் கோரம் இல்லன்னு எழுதிட்டாரு. பதினொண்ணு கொறஞ்சுது. நான் பேனாவ எடுத்தேன். சிரிச்சிட்டாரு. பதினெட்டு ஆவல, ஓட்டர் லிஸ்ட்லயும் கெடயாது, அதுவும் மலேசியான்னாரு. நான் இந்த ஊருதான் சார்ன்னேன்.”

நான் பையை இறக்கி வைத்தேன்.

“கம்பெனில லிஸ்ட் நீதானே போடுவ?”

“ஆமாம்.”

“அப்ப உனக்கு முன்னாடியே தெரியும்.”

விசாவைப் பற்றிச் சொன்னேன். அக்டோபர், மார்ச், பொதுத்தேர்வு என்று வரிசையாகச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். “என்னை ஏன்மா இதுக்குள்ள இழுக்கற?” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

5.30க்குக் கஸ்தூரி அக்கா மாடியேறி வந்தார். காலையில் கட்டிய பட்டுச் சேலை அப்படியே இருந்தது. குரல் கட்டியிருந்தது.

“தண்ணி குடு மலேசியா. கத்திக் கத்தித் தொண்ட போச்சு. அந்த ஆபீசரு நல்லவருதான். தனியாக் கூப்ட்டு ஒரு வழி சொன்னாரு. லீவு நாள்ல கம்பெனில ஆளப் புடிச்சு வெச்சிக்கினாங்கன்னு எழுத்துல இருந்தா, அத வெச்சு கலெக்டர்கிட்ட சிறப்பு சபை கேக்கலாமாம். திங்கக்கெயம மனு நாளு. ஆனா கம்பெனி ஆளே எழுதிக் குடுக்கணும். பொண்ணுங்க எழுதினா வேலைய வுட்டுத் தூக்கிருவான். உங்க ஆபீசுல நல்ல மனசுக்காரங்க யாராச்சும் கீறாங்களா? நீதான் கேட்டுச் சொல்லணும்.”

தண்ணீர் டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். பிறகு சொன்னேன். திங்கட்கிழமை சேகர் கேட்டது, நான் வழித்தட வாரியாக வடிகட்டியது, புதன்கிழமை படிக்கட்டில் மறைத்தது, 10.40க்குச் சங்கீதா வந்தது. எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

“முப்பத்தி நாலு பேரும் உன் கையால எழுதினதா?”

“ஆமாம் அக்கா.”

“சங்கீதா எத்தினி பேருக்குக் கேட்டா?”

“பன்னிரண்டு.”

அவர் உதடு அசைந்தது. எண்பத்தொன்பதோடு பன்னிரண்டைக் கூட்டுகிறார் என்று தெரிந்தது. கூட்டி முடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“எழுதிக் குடுப்பீங்களா மேடம்?” என்றார்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படி அழைத்ததில்லை.

தாளை எடுத்து உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. தேதி, ஷிப்ட் நேரம், எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தன. அவர் இந்த முறை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலை வரிவரியாக வைத்துப் படித்தார்.

“நிறுவனம் வேலைக்கு அழைத்தது. நிறுவனம் பட்டியல் தயாரித்தது. நிறுவனம் அனுமதி மறுத்தது.” தலையை நிமிர்த்தினார். “கம்பெனிக்குக் கை காலு கீதா மேடம்? பட்டியல் போட்டது யாரு, பாஸ் குடுக்க மாட்டேன்னது யாருன்னு இதுல ஒண்ணியும் காணம். ‘ஒரு ஊழியர்’னு கடைசில கீது. அது யாரு?”

“விசா…” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும். படிவம் எல்லாம் நான்தான கையெழுத்துப் போடறேன்.” தாளை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் டம்ளரை அதன்மேல் வைத்தார். “பொண்ணு படிப்பு முக்கியம். உங்கள நான் பேரப் போட்டே ஆவணும்னு சொல்ல மாட்டேன். ஆனா இத எடுத்துக்கினு நான் கலெக்டர்கிட்ட போவ முடியாது.” கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியிறங்கினார்.

அதன் பிறகு நான் முதலில் செய்ததையும் எழுதுகிறேன். கணினியைத் திறந்து, வியாழனன்று வந்த விசாக் கடிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. விரும்பினால் அதை ஒரே மின்னஞ்சலில் அவர்கள் திரும்பப் பெற முடியும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சரிபார்த்துவிட்டு அரிசி களைந்தேன். தர்ஷினி சாப்பிட வந்தாள். தட்டை வைத்தபோது “தேங்க்ஸ்” என்றாள், விருந்தாளி சொல்வதைப் போல. மேசையில் இருந்த தாளை அவள் படித்திருந்தாள். உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னாள். தாளை நான் தொடவில்லை.

நாட்குறிப்பைத் திறந்து 11ஆம் தேதிப் பக்கத்துக்குப் போனேன். அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தபோது, நாட்குறிப்பை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை என்று தோன்றியது. அதில் உண்மை எழுதுவதற்குப் பெரிய துணிச்சல் ஒன்றும் வேண்டியதில்லை.

7

ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் மேசைக்குப் போய் ஒரு புதிய தாளை எடுத்தேன். முதல் வரியை இப்படி எழுதினேன்: “ஆகஸ்ட் 15 அன்று நான்காம் வழித்தடத்தைச் சேர்ந்த முப்பத்து நான்கு பேரைக் கிராம சபைக்குப் போகவிடாமல், அது தெரிந்தே, வேலைப் பட்டியலில் சேர்த்தவள் நான்.” பன்னிரண்டு பேருக்கு அனுமதி மறுத்ததும் நான் என்று இரண்டாவது வரி. கீழே என் முழுப்பெயர், பதவி, கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண், கையெழுத்து.

அதை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிக் கஸ்தூரி அக்காவின் கதவைத் தட்டினேன்.